ஒன்பதாம் பத்தி

பட்டியலில் எங்களுடைய வழக்கு பதினேழாவது. உள்ளே இப்போது ஆறாவது நடக்கிறது. வழக்குக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று கணக்கிடுகிறேன். கணக்கு முடிவதற்குள் கதவு திறந்து இரண்டு வழக்கறிஞர்கள் சிரித்தபடி வெளியே வருகிறார்கள், ஏழாவதும் எட்டாவதும் வாய்தா ஆகிவிட்டன என்று ஒருவர் கைப்பேசியில் யாருக்கோ சொல்கிறார், ஆக இருபத்து நான்கு நிமிடம் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. நடைபாதைச் சுவரோரம் இரும்பு நாற்காலிகள் மூன்று மூன்றாகப் பிணைத்துப் போடப்பட்டிருக்கின்றன. என்னுடையது ஆடுகிறது. ஆடுவது நாற்காலியா, என் முழங்காலா என்று அறிய இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடிக்கிறேன். இப்போது கைகளும் சேர்ந்து ஆடுகின்றன. புடவைத் தலைப்பை எடுத்துக் கைகளின் மேல் போர்த்திக்கொள்கிறேன். யாரும் பார்க்கவில்லை. பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு, அதில் பத்தொன்பது ஆண்டு சார்பதிவாளர் நாற்காலி. எனக்கு எதிரே நின்றவர்களின் கைகள்தாம் நடுங்கியிருக்கின்றன, அதை நான் கவனித்தும் இருக்கிறேன், கவனித்துவிட்டு மை ஒற்றும் அட்டையை அவர்கள் பக்கம் நகர்த்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இன்று விஷயம் எளிமையானது, ஒரு குழந்தைக்கும் சொல்லிவிடலாம். என் தம்பி மகன் கிருபாகரனின் வார்ப்படத் தொழிற்சாலைக்கு வங்கி கொடுத்த கடனுக்கு நான் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்திட்டேன். தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. வங்கி என்னிடம் ஒரு கோடியே நாற்பத்திரண்டு லட்சம் கேட்கிறது. என்னிடம் இருப்பது வடவள்ளியில் ஒரு வீடு. உண்மைக்கு மாறானதைச் சொல்லி என்னிடம் அந்த ஜாமீனை வாங்கினார்கள், ஆகவே அது செல்லாது என்பது என் வழக்கு. இந்தக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் சாட்சிகளை நேரில் விசாரிப்பது அரிது, எல்லாம் பிரமாணப் பத்திரத்தோடு முடிந்துவிடும், ஆனால் வங்கியின் வழக்கறிஞர் சந்தானகோபால் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். ஜாமீன் பத்திரத்தின் நான்காம் பக்கத்துக்காகக் கேட்டார். நான்காம் பக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு என் பிரமாணப் பத்திரத்தின் ஒன்பதாம் பத்திக்கு வருவார்.

ஒன்பதாம் பத்தி எனக்கு மனப்பாடம். 'மேற்படி கிளை மேலாளர் ஜெகதீசன் என்பவர், இந்த ஜாமீன் இயந்திரம் வாங்கும் பதினெட்டு லட்ச ரூபாய்க் கடனுக்கு மட்டுமே என்றும், அக்கடன் தீர்ந்ததும் ஜாமீன் ரத்தாகிவிடும் என்றும் என்னிடம் நேரில் கூறினார். அதை நம்பியே நான் கையொப்பமிட்டேன்.' நல்ல வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, இடையில் எதுவும் தொங்கவில்லை. இயந்திரக் கடன் நான்கே ஆண்டில் தீர்ந்தும் போயிற்று. ஆனால் நான் கையெழுத்திட்ட தாளோ, கம்பெனி இப்போது வாங்கியதும் இனி வாங்கப்போவதுமான எல்லாக் கடனுக்கும் நானே பொறுப்பு என்றது. ஆகவே அந்த வாக்கியம் இல்லாவிட்டால் எனக்கு வழக்கே இல்லை. அந்த வாக்கியம் எப்படி உருவாயிற்று? என் வழக்கறிஞர் நஸீமாவின் அறையில், மின்விசிறிக்குக் கீழே, அவளும் கிருபாவும் நானும் இருந்தோம். நஸீமா, "யார் உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்க மேடம்?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் கிருபா, "மேனேஜர்தாங்க சொன்னாரு. மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன், இல்லீங்களா அத்தை?" என்றான். இல்லீங்களா அத்தை என்று என் பக்கம் திரும்பினான். நான் தலையசைத்தேனா? நஸீமாவின் பேனா ஓடியது, ஆகவே அசைத்திருக்க வேண்டும். பிறகு தட்டச்சு செய்த படி வந்தது, எல்லாப் பக்கத்தையும் எண்ணினேன், பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டேன், கடைசியில் 'மேலே கூறியவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை' என்ற வரிக்குக் கீழேயும் இட்டேன். அறிந்தவரை. நான் அறிந்தது எது? மேலாளர் சொன்னாரா? அவர் குரலில் அந்தச் சொற்களைக் கேட்டுப் பார்க்க முயல்கிறேன். இரண்டு மாதமாக முயல்கிறேன். 'மட்டும்' என்ற சொல் கேட்கிறது, தெளிவாகவே கேட்கிறது, ஆனால் குரல் வரும்போது அது மேலாளரின் குரலாக இல்லை, உடனே நான் வேறு எதையாவது நினைத்துக்கொள்கிறேன், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேனா, கொல்லைக் கதவைத் தாழிட்டேனா என்று. ஒன்பதாவது வழக்கு. யாரோ ஒரு மில் பெயரைக் கூவுகிறார்கள். மூன்று கறுப்பு அங்கிகள் எழுந்து போகின்றன.

ஜாமீனில் கையெழுத்திட்ட நாள், மார்ச் இருபத்தெட்டு, பிற்பகல் மூன்றரை மணி, மேலாளர் அறை. கண்ணாடி மேசை, அதன் கீழே ஒரு நாட்காட்டித் தாள், மேசை மேல் பாதி குடித்த தேநீர். நான் உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்டேன், அதுதான் என் வழக்கம், எவ்வளவு, எதற்கு, எத்தனை வருடம். பதில் வந்தது. பதினெட்டு லட்சம், மிஷினுக்கு மட்டும், நாலு வருசம். பதில் வந்தது என்றுதான் நினைவு சொல்கிறது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கிறது. பிறகு ஜெகதீசன் தாள்களை என் முன்னே வைத்தார், கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். பென்சில் குறியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறவள் நான் அல்ல. முத்திரைத் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பின்புறம் விற்பனையாளர் முத்திரை, விற்ற தேதி, வாங்கியவர் பெயர். தேதி ஆவணத் தேதிக்கு முந்தியதா, முந்தியது. பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இருக்கின்றன. இரண்டு இடத்தில் காலி வெளி, அதைக் கோடிட்டு அடைக்கச் சொன்னேன். அடித்தல் திருத்தல் எங்காவது சான்றொப்பம் இல்லாமல் இருக்கிறதா, இல்லை. என் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி. நான்காம் பக்கத்தில் கதவு எண்ணைப் பழைய எண்ணாகப் போட்டிருந்தார்கள். மாநகராட்சி எண்ணை மாற்றி அப்போதே ஆறு ஆண்டாகியிருந்தது. பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே புதிய எண்ணை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, "நீங்களும் இங்கே சுருக்கொப்பம் போடுங்கள்" என்று மேலாளரிடம் தாளைத் திருப்பினேன். அவர் சிரித்தார். "அம்மா, எங்க ஆடிட்டருகூட இத்தனை பாக்க மாட்டாருங்க" என்றார். கிருபா, "அத்தைகிட்ட ஒரு புள்ளி தப்பிக்காதுங்க சார்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, மிகப் பெருமையாக இருந்தது. கதவு எண்ணுக்கு அடுத்த வரியில்தான் அந்த உட்பிரிவு தொடங்கியது. 'தற்போதுள்ளதும் எதிர்காலத்தில் ஏற்படுவதுமான அனைத்துக் கடன் பொறுப்புகளுக்கும்.' என் கண் அங்கே போகவில்லை. போயிருக்கும், எழுத்துகளைத் தொட்டிருக்கும், ஆனால் அது என் கண் வேலை செய்யும் பகுதி அல்ல. இதை எப்படிச் சொல்வேன்? தீர்ப்பாய அதிகாரி என் முகத்தைப் பார்த்து, ஒரு பக்கத்தில் கதவு எண்ணைத் திருத்திய படித்த பெண்மணி அதே பக்கத்தில் அதற்கு அடுத்த வரியைப் படிக்கவில்லையா என்று கேட்டால், படிக்கவில்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை, அது உண்மை, அதை நம்ப ஒருவரும் பிறக்கவில்லை. நான் அந்த இருக்கையில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

துறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் இது புரியும். ஆவணத்தில் இருப்பது உண்மையா, நியாயமா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். வந்திருப்பவர் அவர்தானா, முத்திரைக் கட்டணம் சரியா, சொத்து விவரம் பொருந்துகிறதா, திருத்தங்களுக்குச் சான்றொப்பம் உண்டா. ஒரு நாளைக்கு நாற்பது ஆவணம் என்றால் நாற்பதையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. தாளை வெளியிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன், அதில் என்னை மிஞ்சியவர் மாவட்டத்தில் இல்லை, எத்தனை ஆயிரம் தாள் என் கை வழியாகப் போயிருக்கும், அவற்றில் ஒன்றின் உட்பொருளையாவது நான் முழுதாகப் படித்ததுண்டா? இது இன்று காலை பல் துலக்கும்போது வந்த கேள்வி. நீரைத் துப்பிவிட்டு விளக்கை அணைத்தேன். அந்தக் கறுப்பு மப்ளர்காரர், கோபி ஊர்ப் பக்கம் நான் வேலையில் இருந்தபோது வந்தவர், மஞ்சள் காய்ந்த வாசனையோடு நின்றார், சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மெண்ட், இரண்டு மகன்களில் மூத்தவன் அழைத்து வந்திருந்தான். "எழுதிக் கொடுப்பது நீங்கள்தானா? சம்மதம்தானா?" என்று கேட்டேன். "சம்மதந்தானுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு நீங்க ஒருக்காப் படிச்சுச் சொன்னீங்கன்னா…" என்று இழுத்தார். "அது என் வேலை இல்லை, எழுத்தரைக் கேளுங்கள்" என்றேன். வெளியே கூட்டம். அவர் மகனைப் பார்த்தார், மகன், "எல்லாம் சரியாத்தான் இருக்குதுப்பா, மேடம் நேரத்தைப் போக்காதே" என்றான். கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்தது, ஒரே தடவையில். அதன் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் இல்லை, பிறகு ஏன் அவருடைய மப்ளர் இப்போது எனக்கு எதிரே இருக்கும் காலி நாற்காலியில் கிடப்பதுபோலத் தோன்றுகிறது? அது யாரோ விட்டுப்போன அங்கி. அங்கிதான். சென்ற மாதம் வங்கிக்காரர்கள் கேட்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள், வீட்டை ஜப்தி செய்யும் அறிவிப்பு, நான் ஈரத் துணியும் கரண்டிக் காம்பும் கொண்டு சுரண்டி எடுத்தேன், அவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் என்பது என் கணவர் சிவசண்முகம். திரும்பி வந்து கேட்டைத் திறந்தவர், கம்பி ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கவில்லை. இன்று காலையும், "எங்கே கிளம்பீட்டே?" என்றார், "ஓய்வூதியக் கருவூலத்துக்கு" என்றேன், "சாப்புட்டுப் போ" என்றார். எழுபத்து நான்கு வயது. இரண்டு அறையும் ஒரு மாமரமும் தவிர அவர் எதற்கும் பழகவில்லை. வாடகை வீட்டில் மாடிப்படி ஏற அவருடைய இடுப்பு சம்மதிக்காது. இதை ஒரு தகவலாகத்தான் நினைத்துப் பார்க்கிறேன், ஆனாலும் பதினோராவது வழக்கு என்று கூவுகிற குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதாகக் கேட்கிறது.

யாரோ பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள், இரும்பு அதிர்கிறது. ஜெகதீசன். தலை முழுக்க நரைத்துவிட்டது, மடியில் துணிப்பை, அதற்குள் டிபன் பாக்ஸின் வட்டம் தெரிகிறது. எதிர்த் தரப்புச் சாட்சியோடு பேசக் கூடாது என்று நஸீமா சொல்லியிருக்கிறாள். நான் நேராகச் சுவரைப் பார்க்கிறேன். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்கிறார். "இருக்கிறேன்." "என்னைய ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. வக்கீல் வான்னாரு, வந்துட்டேன். நான் ரிட்டயர்டு ஆகியே மூணு வருசமாச்சு. எனக்கே இன்னும் வரவேண்டியதுல பாதிய நிறுத்தி வெச்சிருக்கறாங்க, இந்த லோன் போன கணக்குனாலதான்." பை சலசலக்கிறது. "அய்யா சௌக்கியந்தானுங்களா? ஒருவாட்டி பேங்குக்கு வந்தப்ப மாங்கா குடுத்தாரு." மாங்காய். என் வீட்டு மாங்காய். எழுந்து போய்விட வேண்டும் என்று நினைக்கிறேன், எழ முடியவில்லை, பிறகு என் குரலே எனக்குக் கேட்கிறது, அலுவலகக் குரல், சற்றே உடைந்திருக்கிறது. "ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் உங்களிடம், இது எந்தக் கடனுக்கு என்று கேட்டேன் அல்லவா?" அவர் என் பக்கம் திரும்புகிறார். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "எங்கிட்டயா? நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலைங்களே அம்மா. கிருபாகிட்டத்தானே கேட்டீங்க. எவ்வளவு, எதுக்கு, எத்தனை வருசம்னு. வாத்தியாரம்மா மாதிரி கேட்டீங்க. அவருதான், மிஷினுக்கு மட்டுந்தான் அத்தை, நாலே வருசம், அப்பறம் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுருவாங்கன்னாரு." குரல் வந்துவிட்டது. இரண்டு மாதமாக நான் வர விடாமல் தடுத்துக்கொண்டிருந்த குரல், அத்தை என்ற விளியோடு, அந்தக் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கமிருந்து, என் வலது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து. "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்கிறேன். "நானா? எதுத்தாப்புலதான். எங்கே போவேன்." "அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?" ஜெகதீசன் பையின் கைப்பிடியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், சுற்றுகிறார். "அன்னைக்கு இருபத்தெட்டாந் தேதிங்கம்மா. வருசக் கடைசி. மூணு நாள்ல டார்கெட் முடிக்கோணும். வாயத் தொறந்திருந்தா நீங்க எந்திரிச்சுப் போயிருப்பீங்க." பிறகு, "டீ ஏதாச்சும் வேணுங்களா?" என்கிறார். வேண்டாம் என்கிறேன். அவர் எழுந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடைபாதையின் மறுகோடிக்குப் போகிறார்.

ஒன்பதாம் பத்தி பொய். இதை மனத்துக்குள் ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் ஒப்பமிட்ட பிரமாணப் பத்திரத்தில் பொய். எழுத்துப் பிழை, கதவு எண் என்றால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிடலாம். ஆனால் சட்டம் வேறொன்றையும் சொல்கிறது, அந்தப் பிரிவை நஸீமாவுக்கு முன்பே நான் படித்திருக்கிறேன். கடன் கொடுத்தவனே பொய் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவன் சொல்ல, கடன் கொடுத்தவன் அதை அறிந்து, உடன்பட்டு இருந்தாலும் ஜாமீன் விழும். முக்கியமான விஷயத்தில் வாய் மூடி இருந்து வாங்கிய ஜாமீனும் விழும். ஆக உண்மையே எனக்கு வழி. பொய்யால் வழியை அடைத்தவள் நான். ஆனால் அந்த உண்மைக்குள் நுழைய வேண்டுமானால் கிருபாவின் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் தெரிந்தேதான் சொன்னானா? அவனுக்கும் யாராவது அப்படிச் சொல்லி வைத்தார்களா? அவன் அதே நாளில் தொழிற்சாலைக்கான பெரிய கடன் வரம்புக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்தான், ஆவணங்களின் நகல் வந்தபோது தேதியைப் பார்த்தேன், அதே மார்ச் இருபத்தெட்டு, பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கட்டின் அடியில் வைத்தேன். தேதியைப் பார்க்காமல் விடுகிற கண் இல்லை எனக்கு. ஆக எனக்குத் தெரிந்தே இருந்தது. எப்போதிலிருந்து? நஸீமாவின் அறையில் தலையசைத்தபோதேவா? இப்போது உண்மையைச் சொல்லத் துணிகிறேனே, இது நேர்மையா, அல்லது ஜெகதீசன் உள்ளே போய்ச் சத்தியம் செய்து அதையே சொல்லப்போகிறார் என்று தெரிந்த பிறகு வந்த புத்தியா? அவர் வந்து உட்காராமல் இருந்திருந்தால்? இந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொள்கிறது, இழுக்கிறேன், வரவில்லை, புடவை முள்ளில் மாட்டிக்கொண்டதுபோல இழுக்க இழுக்கக் கிழிகிறது. பதினான்கு. பன்னிரண்டும் பதிமூன்றும் எப்போது போயின? நஸீமா மாடிப்படி ஏறி வருகிறாள், கையில் கட்டு, நெற்றியில் வியர்வை, பின்னால் கிருபா. அவனுடைய சட்டை இஸ்திரி போடப்பட்டிருக்கிறது. காலையில் காரில் வரும்போதும் அதையேதான் சொன்னான், "மேனேஜர் சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க அத்தை, போதும், வேற எதுக்கும் வாயத் தொறக்காதீங்க." நான் அவனைப் பார்க்காமல் நஸீமாவின் கையைப் பிடித்து ஜன்னலோரம் அழைத்துப்போகிறேன். "ஒன்பதாம் பத்தி தவறு" என்கிறேன். "தவறுன்னா? நம்பரா?" "பொருளே தவறு. சொன்னது மேலாளர் இல்லை." அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், முப்பது வயது இருக்கும், என்னிடம் பயிற்சிக்கு வந்த எழுத்தர்களின் வயது. "மேடம், இதைச் சொல்றதுக்கு இன்னைக்கா நாள் பாத்தீங்க?" என்கிறாள் மெதுவாக. "அப்போ யாரு?" நான் சொல்கிறேன். ஜெகதீசன் எதிரே இருந்ததையும் சொல்கிறேன். அவள் கண்ணை மூடித் திறக்கிறாள். "வழி இருக்குது. ஆனா முதல்ல பொய்னு ஒத்துக்கணும், அதுக்கே பேங்க் வக்கீல் உங்களைக் கிழிச்சுருவாரு. அப்பறம் உங்க தம்பி மகன் பேரைப் பதிவுல ஏத்துனா நாளைக்கு பேங்க் அவர் மேல கிரிமினல் கம்ப்ளெய்ண்ட் குடுக்கும். ஜெயிலுக்குப் போற சமாச்சாரம். வீடு நின்னாலும் நிக்கும், நிக்காமயும் போகும். என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரமாட்டேன், தரவும் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." கிருபா தூரத்திலிருந்து, "என்னங்க அத்தை, தண்ணி வேணுமா?" என்கிறான். வேண்டாம் என்று கையை அசைக்கிறேன். அவனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு வரவில்லை, ஒரு கோடை முழுக்க என் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், விடை தெரியாவிட்டால் என் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிப்பான். இப்போதும் பார்க்கிறான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். பதினைந்து. பதினாறு வாய்தா.

பதினேழு. என் பெயரை ஒருவர் கூவுகிறார், முன்னெழுத்து இல்லாமல், வெறும் பெயராக. கால்கள் நடக்கின்றன. அறை நான் நினைத்ததைவிடச் சிறியது, குளிர்பதனம் அதிகம், உயரத்தில் அதிகாரி, கீழே தட்டச்சு செய்யும் பெண், கடைசி வரிசையில் கிருபா உட்காருவது ஓரக் கண்ணில் தெரிகிறது. உண்மையே சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்கிறேன், அந்தச் சொற்கள் நாக்கில் ஒட்டுகின்றன. "உட்காந்தே சொல்லுங்கம்மா" என்கிறார் அதிகாரி. சந்தானகோபால் எழுகிறார், ஒல்லியான மனிதர், மிகவும் மரியாதையானவர், மரியாதைதான் பயமாக இருக்கிறது. "பத்திரப் பதிவுத் துறையில் எத்தனை வருஷம் இருந்தீங்க?" முப்பத்து மூன்று. "நாலாம் பக்கத்துல இருக்கற திருத்தம் உங்க கையெழுத்துல இருக்கா?" ஆம். "தமிழும் இங்கிலீஷும் நல்லாப் படிக்கத் தெரியும்?" தெரியும். "ஆனா திருத்தத்துக்கு அடுத்த வரியை மட்டும் படிக்கலை?" "படிக்கவில்லை." யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். "சரிங்கம்மா. அந்த வரியைப் படிக்காததுக்குக் காரணம் ஒன்பதாம் பத்தியில சொல்லியிருக்கீங்க. மேலாளர் ஜெகதீசன் உங்ககிட்ட நேர்ல வாய்மொழியா உறுதி குடுத்தாருன்னு. அது உண்மையா?" தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் விசைகளின் மேல் நிற்கின்றன, குளிர் காற்று என் கழுத்தின் பின்புறம் விழுகிறது, ஆம் என்ற சொல் வாய்க்குள் தயாராக இருக்கிறது, மிகச் சிறிய சொல், அதைச் சொன்னால் ஜெகதீசன் அடுத்து வந்து மறுப்பார், யாரை நம்புவது என்பது அதிகாரி பாடு, கிருபா வீட்டுக்குப் போவான். "இல்லை" என்கிறேன். "சத்தமாச் சொல்லுங்க." "இல்லை. மேலாளர் அப்படிச் சொல்லவில்லை." சந்தானகோபால் இதை எதிர்பார்க்கவில்லை, அவர் எனக்காகத் தயாரித்து வந்திருந்த கேள்விகள் எல்லாம் வீணாகிவிட்டன, பிறகு அதிகாரியை நோக்கித் தலை வணங்கி, "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லை" என்று உட்கார்ந்துவிடுகிறார். இத்தோடு முடிந்துவிட்டதா? என் வாயாலேயே வழக்கைக் கொடுத்தாயிற்றா? என் மனத்துக்குள் இடுப்பு வலியோடு மாடிப்படியில் ஒருவர் ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். தட்டச்சுப் பெண் தாளின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்கிறாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி நஸீமாவைப் பார்த்து, "உங்க சாட்சிகிட்ட மறு விசாரணை உண்டா?" என்கிறார். நஸீமா எழுந்திருக்கிறாள். அவள் என்னைத்தான் பார்க்கிறாள், கேட்கட்டுமா என்று கண்ணாலும் கேட்கவில்லை, வெறுமனே பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன், பார்வையை எடுக்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி" என்கிறாள். "பதினெட்டு லட்சத்துக்கு மட்டும்தான்னு அன்னைக்கு அந்த அறையில உங்ககிட்டச் சொன்னது யாரு?" என் கைகளைத் தலைப்புக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து மேசை மேல் வைக்கிறேன், அவை நடுங்குவதை எல்லாரும் பார்க்கலாம். "கிருபாகரன்" என்கிறேன். "என் தம்பி மகன்." பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசி நகர்கிறது, காலடிகள், கதவின் கீல், பிறகு ஒன்றுமில்லை. நான் திரும்பவில்லை. விசைகள் அவன் பெயரை அடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பாகவே, மேலாளர் எனக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லத் தொடங்குகிறேன்.